அழுகை நின்ற மத்தியானம்

உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஆரம்பித்து வாலாஜாபாத் பாலாற்றுப் பாலம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், என்னைப் போலக் கைக்குழந்தையைத் தூக்கத் தெரிந்த ஆம்பளை ஒருத்தன் கிடைக்கமாட்டான். என் கைக்கு வந்த பிள்ளை அழுததே இல்லை.

பொய். முப்பத்தொன்பது வயசு வரைக்கும் நான் கைக்குழந்தையைத் தொட்டதே கிடையாது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த என் பெண்ணைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது, நான் தூக்கின தூக்கைப் பார்த்து வார்டு பெருக்குகிற அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏம்பா, அது நெல்லு மூட்ட இல்லப்பா" என்றாள். என் கைக்குத் தெரிந்ததெல்லாம் நெல் மூட்டைதான். அந்த அம்மா சிரிக்காமல் அப்போதே என் கையை ஒடித்துப் போட்டிருக்கலாம்.

நான் நெல் கொள்முதல் செய்கிற இடத்தில் லோடுமேன். விவசாயிகள் கொண்டுவருகிற மூட்டையைப் பிரித்து, தூற்றுகிற மிஷினில் கொட்டி, சாக்கை உதறிப் போடுவது என் வேலை. சாக்கு உதறுவதில் எனக்குப் பேர் உண்டு. அடிமுனை ரெண்டையும் பிடித்து ரெண்டே உதறு. தையலில் ஒளிந்திருக்கிற கடைசி நெல்மணி வரைக்கும் வெளியே வந்துவிடும். மூன்றாவது உதறு எனக்குத் தேவைப்பட்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குப் பெருமையடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்று இருந்தது. நான் காலால் பிறந்தவன். எல்லாரும் தலையை முன்னே விட்டு வருவார்கள், நான் காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தேன். தலை இவனுக்குக் கடைசி வேலைக்குத்தான் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில், காலால் பிறந்தவன் காலை வைத்துத் தேய்த்தால் சுளுக்கு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஊரில் இடுப்பு பிடித்தவன், முதுகு பிடித்தவன் எல்லாம் என் வீட்டு வாசலில் குப்புறப் படுப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, ரெண்டு மிதி மிதிப்பேன். முணுமுணுப்பது அன்றைக்கு என்ன குழம்பு என்பதைத்தான். பத்து பேரில் ஒன்பது பேருக்கு நான் மிதிக்காவிட்டாலும் சரியாகியிருக்கும். ஆனாலும் பேர் எனக்கு. ஆளைக் கொல்லாத நோய்க்கெல்லாம் நான் வைத்தியன்.

இந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

பாப்பாவுக்கு ஒரு மாசம் முடிந்த பிறகு அழுகை பிடித்தது. தினம் மத்தியானம் ஆரம்பித்தால் ரெண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். வயிறு நிறைந்திருக்கும், துணி காய்ந்திருக்கும், உடம்பு சுடாது. ஆனாலும் முகம் செவந்து, முஷ்டி மடக்கி, காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு அழுவாள். என் வீட்டுக்காரி தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தே இளைத்துப் போனாள்.

ஊர் நர்சம்மா பார்க்க வந்தபோது இதைச் சொன்னோம். எடை பார்த்தார், காது பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "அழுவுறது நோவு இல்லப்பா. ரெண்டு மாசத்துல உச்சத்துக்குப் போவும், அப்புறம் தானா கொறயும். கையில வெச்சிக்கினு முடியல, கோவம் வர்ற மாரி கீதுன்னா, பாயில மல்லாக்கப் படுக்கவெச்சுட்டு வெளிய போய் நில்லு. அழுதா கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாது. புடிச்சி ஆட்டுனாதான் போச்சு." கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலமில்லை, உள்ளே மூளை பானையில் பாதி உறைந்த தயிர் மாதிரி இருக்கிறது, பானையை ஆட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

நான் சும்மா இருந்தேனா? "அப்போ எங்க நைனா என்ன நல்லா ஆட்டிகீறார் போலக்குதே" என்றேன். நர்சம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரியும் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் அந்த ஜோக்கைச் சாயங்காலம் டீக்கடையில் இன்னொரு தடவை சொன்னேன். நர்சம்மா சொன்னது மறந்துவிட்டது, நான் சொன்னது மட்டும் ஞாபகமிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேறு கணக்கு வைத்திருந்தார். கைக்குழந்தை காரணமில்லாமல் அழுதால் எங்கள் பக்கத்தில் உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். தூக்குகிறபோது முதுகிலோ கழுத்திலோ பிசகிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு உரம் எடுப்பார்கள். பழைய புடவையில் பிள்ளையைப் போட்டு, ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். சிலர் கையில் தூக்கியே ஒரு குலுக்குக் குலுக்குவார்கள். பிள்ளை வீறிட்டு அழும், பிறகு அடங்கும். அடங்கிவிட்டால் உரம் போய்விட்டது. ஏன் அடங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"உரம் வுயுந்துகீது தம்பி" என்றார் அக்கா. "ஊரு சுளுக்கெல்லாம் எடுக்கற, ஒன் பொண்ணுக்கு எடுக்கமாட்டியா?"

நர்சம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று என் வீட்டுக்காரி தடுத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் அக்கா கேட்ட கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

போன மாசியில் ஒரு நாள், லாரி வராததால் எனக்கு வேலை இல்லை. ரேஷன் கார்டில் பாப்பா பேரைச் சேர்க்க என் வீட்டுக்காரி உத்திரமேரூர் போனாள். வெயிலில் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்கிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். பால் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பீய்ச்சி டம்ளரில் மூடி வைத்து, சங்கைக் கழுவி வைத்துவிட்டு, ரெண்டு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று போனாள்.

அவள் ஏறின பஸ் தெருமுனை திரும்பியிருக்காது, அதற்குள் பாப்பா ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் எனக்கு விளையாட்டாக இருந்தது. தோளில் போட்டு நடந்தேன். தூளியில் போட்டு ஆட்டினேன். சங்கில் பால் ஊற்றினேன், துப்பினாள். துணி மாற்றினேன். லுங்கியைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆடினேன். ஆடு மாதிரி கத்தினேன், மிஷின் மாதிரி உறுமினேன். கொள்முதல் கிடங்கில் நூறு பேரை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறவன், ஒன்றரை முழ ஆள் ஒருத்தியிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்து வீட்டு அக்கா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்காரிக்கு போன் போட்டேன். சர்வர் வேலை செய்யவில்லை, வரிசையில் நிற்கிறேன் என்றாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டேன். அதையே சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் எரிச்சலோடு. மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

தெருவில் சைக்கிளில் போன பெரியவர் ஒருத்தர் காலை ஊன்றி நின்று, "இன்னாப்பா, பெத்தவன் கையிலயே இப்டி கத்துது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது எரிந்தது. ஊர் முதுகெல்லாம் மிதித்தவன் பெற்ற பிள்ளையை அடக்கத் தெரியாமல் நிற்கிறான் என்று அவர் டீக்கடையில் போய்ச் சொல்வதாக நானே நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். உள்ளே சத்தம் ரெண்டு மடங்கானது. ஓட்டுக்குக் கீழே, நாலு சுவருக்குள்ளே, என் மண்டைக்குள்ளே அந்த ஒரே சத்தம். அவள் வேண்டுமென்றே என்னைப் பார்த்துக் கத்துவதாக எனக்குத் தோன்றியது. ரெண்டு மாசப் பிள்ளை. அதற்கு நான் யார் என்றே தெரியாது.

அப்போதுதான் என் வாய் சொன்னது, உரம்தான் விழுந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று. சத்தமாகச் சொன்னேன், யாரும் கேட்காமலே. இன்றைக்கு யோசித்தால் அந்த நேரத்தில் எனக்கு உரத்தைப் பற்றி நினைப்பே இல்லை. என் கோபத்துக்கு நான் வைத்த பேர் அது.

புடவை தேடவில்லை. ரெண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினேன். ரெண்டு உதறு.

முதல் உதறிலேயே தலை பின்னால் போய் முன்னால் வந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ரெண்டாவது உதறினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நாலு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அழுகை நின்றது.

எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அவள் கண் பாதி மூடியிருந்தது, உடம்பு தளர்ந்திருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். உரம் போய்விட்டது, பிள்ளை அசந்து தூங்குகிறது, எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தூளியில் போட்டேன். வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தேன். 

வேலை முடிந்து மண்வெட்டியோடு வந்த அக்காவிடம், "எட்த்துட்டேன்கா, ரெண்டே நிமிஷம், பாப்பா சைலன்ட்டு" என்று மார்தட்டினேன். படிக்காத டாக்டர் என்று போர்டு மாட்டப் போகிறேன் என்றேன். அக்கா சிரித்தார். நான் அங்கே ஜோக் அடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம், என் பிள்ளை தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உதறியது ரெண்டு நொடி. அதற்கு, புத்தி தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன சொல்வது?

என் வீட்டுக்காரி வந்து, கை கால் கழுவி, தூளியிலிருந்து எடுத்து மாரில் வைத்தாள். பாப்பா வாய் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள். காலைச் சுரண்டினாள். பாப்பா லேசாக முனகிவிட்டு, குடிக்காத வயிற்றிலிருந்து கொஞ்சம் கக்கினாள். வலது கை மட்டும் தனியாக விட்டு விட்டுத் துடித்தது.

"இன்னா பண்ண?" என்றாள். கத்தவில்லை.

"உரம் எட்த்தேன்" என்றேன்.

பைக்கை எடுத்தேன். அவள் பின்னால் பிள்ளையை மடியோடு அணைத்து உட்கார்ந்தாள். ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வண்டி குலுங்குகிற ஒவ்வொரு பள்ளமும் என் முதுகுத்தண்டில் ஏறியது. பத்து நிமிஷ வழியில், கடவுளே, பள்ளமே இல்லாத ரோடு கொடு என்றுதான் வேண்டினேன். வேறு எதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அங்கே நர்சம்மா இருந்தார். உச்சிக்குழியில் விரலை வைத்தார். குழியாக இருக்க வேண்டிய இடம் மேடாக இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார்.  மூக்கில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டே ஆம்புலன்சுக்கு போன் போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு லேடி டாக்டர் எங்களை ஒரு மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, குழந்தை எங்கேயாவது விழுந்ததா என்று கேட்டார்.

அது எவ்வளவு நல்ல கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தூளி அறுந்துவிட்டது, நான் பார்க்கவில்லை, விதி. எல்லாப் பொய்யும் என் நாக்கில் வரிசையில் நின்றன. ஆனால் அதற்குள் என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். "வுயல டாக்டரம்மா. எங்க வூட்டுக்காரரு உரம் எடுத்தாராம்."

டாக்டர் ஒரு டவலைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இதுதான் குழந்தைன்னு வச்சுக்குங்க. எப்படி எடுத்தீங்கன்னு காட்டுங்க."

நான் அந்த டவலை மேஜை மேல் படுக்கவைத்து, பூ மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று உருட்டிக் காட்டினேன். என் ஆயுசில் அவ்வளவு மெதுவாக எதையும் தொட்டதில்லை.

டாக்டர் டவலைச் சரிசெய்து மறுபடி என் கையிலேயே கொடுத்தார். "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. கண்ணுக்குப் பின்னாலயும் இருக்கு. உருட்டினா இப்படி ஆகாது. என்ன நடந்துச்சுன்னு சரியா தெரிஞ்சாதான் நாங்க எதை எதைப் பார்க்கணும்னு தெரியும். உங்களத் திட்டறதுக்குக் கேக்கல."

என் வீட்டுக்காரி பக்கத்தில்தான் இருந்தாள். அவளைப் பார்க்காமல் எழுந்து நின்றேன். டவலை ரெண்டு கையாலும் பிடித்துத் தூக்கி உதறினேன். ரெண்டாவது உதறில் சுருள் பிரிந்து டவல் நீளமாகத் தொங்கியது.

"எத்தினி தபா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு."

"கோவத்துலயா?"

"ம்."

 டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் டவலை மடித்து மேஜையில் வைத்தேன். நாலாக மடித்தது சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தேன். அந்த நேரத்திலும் அது எனக்கு ஒரு வேலையாக இருந்தது.

பன்னிரண்டு நாள் பாப்பா கண்ணாடி அறைக்குள் இருந்தாள். வலிப்பு வந்தது, மருந்து கொடுத்து நிறுத்தினார்கள், மறுபடி வந்தது. ஆஸ்பத்திரி போலீஸ்காரர் வந்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் பழக்கதோஷத்தில் அவரிடம் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தேன், அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் தொண்டையிலேயே செத்துப்போனது. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ரெண்டு பேர் வந்து வீட்டைப் பார்த்தார்கள். இன்னும் வருகிறார்கள். வரட்டும்.

அந்தப் பன்னிரண்டு நாளும் வராண்டாவில் நான் ஒரு மூலை, என் வீட்டுக்காரி ஒரு மூலை. அவள் சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கிறது என்று நர்சிடம் சொல்லி அழுதாள், என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாப்பா அழாமல் படுத்திருப்பாள். தாயே, ஒரு தடவை கத்திவிடு, ரெண்டு மணி நேரம் கத்து, நாள் முழுக்கக் கத்து, நான் கேட்டுக்கொண்டே நிற்கிறேன் என்று அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பேன்.

இப்போது பாப்பாவுக்கு ஒன்பது மாசம். உயிரோடு இருக்கிறாள். காலையும் சாயங்காலமும் வலிப்பு மருந்து. இன்னும் உட்காரவில்லை. வலது கை பொம்மையைப் பிடிப்பதற்குள் விட்டுவிடுகிறது. இடது கண் பார்க்கிறதா என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் கிலுகிலுப்பை ஆட்டினால் காது கேட்டுத்தான் திரும்புகிறாள் போல இருக்கிறது. என்னையும் பாப்பாவையும் வீட்டில் தனியாக விட்டுவிட்டு என் வீட்டுக்காரி இதுவரைக்கும் குழாயடிக்குக்கூடப் போனதில்லை.

புதன்கிழமை தடுப்பூசி போடுகிற இடத்தில் நர்சம்மா என்னைப் பேசச் சொல்வார். அம்மாக்கள் உள்ளே ஊசிக்கு நிற்பார்கள், அப்பன்மார்கள் வெளியே வண்டியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களிடம் போவேன். பால் குடித்திருக்கிறதா, துணி நனைந்திருக்கிறதா, உடம்பு சுடுகிறதா பார். அழுகை வழக்கம் போல இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. எல்லாம் சரியாக இருந்தும் அழுகிறது, உனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது என்றால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு வெளியே போ. பத்து நிமிஷம் வேப்பமரத்தைத் திட்டு. திரும்பப் போய்ப் பார். முடியவில்லை என்றால் யாரையாவது கூப்பிடு. கையில் வைத்துக்கொண்டு மட்டும் நிற்காதே. உரம் என்று எவன் சொன்னாலும், காலால் பிறந்தவனே வந்து சொன்னாலும், பிள்ளையைக் கொடுக்காதே. சிலர் கேட்கிறார்கள். சிலர், பிள்ளையை அடித்தவன் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

போன வாரம் அப்படி நான் பேசி முடித்த பிறகு ஒருத்தன் மட்டும் போகாமல் நின்றான். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும், ஒரகடத்துக்கு கம்பெனி பஸ்ஸில் ஷிப்டு போகிறவன். உள்ளே அவன் பிள்ளை ஊசி போட்டு அழுதுகொண்டிருந்தது. என் பக்கத்தில் வந்து, வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு, "அண்ணா, முந்தாநேத்து நானும் தூக்கிட்டேன். உதறல. தூக்கிக்கினு அப்டியே நின்னேன். அப்புறம் கீய வெச்சிட்டேன்" என்றான். சொல்லிவிட்டு அவன் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.  டீ சாப்பிடலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனேன். கடையில் உட்கார்ந்ததும் அவன்...

என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். இன்றைக்குக் கண் டாக்டரிடம் வரச் சொன்ன நாள். அந்தக் கண் தெரியுமா தெரியாதா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள்.

"யோவ், இன்னா எய்திக்கினு கீற? பஸ்ஸு வந்துடும். பைய எட்த்துக்கோ, பாப்பாவ நான் தூக்கிக்கறேன்."